கிணற்று ஆணியிலிருந்து ஐம்பது

அத்தியாயம் 6

டொரத்தி தோசையைப் பிய்த்து வாயில் போட்டபோது வழக்கின் பாதி விடை அவள் வயிற்றுக்குள் போய்விட்டது. அது அப்போது அவளுக்கும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருச்செல்வத்துக்கும் தெரியாது.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தது திருச்செல்வத்தின் துப்பறியும் நிலையம். மின்விசிறி ஓடாத நாளில் விசாரணை கீழே சாப்பாட்டுக் கடைக்கு இறங்கிவிடும். வருஷத்தில் பாதி நாள் அது ஓடாது. அவர் அறுபதைத் தொட்ட மனிதர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் இடிபட்ட லோரிகளையும் பார்த்துப் பார்த்து, பொய் சொல்கிறவன் தன் கையை எங்கே வைத்துக்கொள்வான் என்று கற்றவர். டொரத்தி அவருக்கு டிரைவர், கையாள், வாய் எல்லாம். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். பின்னால் இருக்கும் பிள்ளைக் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல் பேச்சாலேயே அடக்கி வைத்தவள். வேனை விற்றுவிட்டாள், பேச்சை விற்க முடியவில்லை.

எதிரே இருந்தவள் மலர்விழி. கிள்ளானிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்திருந்தாள். முன்னால் வைத்த தே தாரிக் ஆறி ஆடை கட்டிவிட்டது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவள் கணவர் சிவநேசன் கிள்ளானில் ஒரு சர்வே கம்பெனியில் நிலம் அளக்கிறவர். வெள்ளிக்கிழமை காலை தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்துக்குத் தனியாகப் போனார். வீடு திரும்பவில்லை. இன்று செவ்வாய். அவருடைய மோட்டார் சைக்கிள் துறைமுகத்துப் படகுத்துறையில் கிடைத்ததால் போலீஸ் தேடுவதெல்லாம் தீவுப் பக்கம். இவளுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனுஷன் தீவுக்கு ஏன் போகிறார் என்று கேட்டாள். தினமும் போலீஸ் நிலையத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாளாம். இங்கிருந்தும் நேரே அங்கேதான் போவாளாம்.

சிவநேசனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சேற்றிலும் மழையிலும் எழுதினது நனைந்துபோகும் என்று, அளவுகளை அவ்வப்போது மனைவியின் போனுக்குக் குரலாக அனுப்பிவிடுவார். சாயங்காலம் வந்து கேட்டு எழுதிக்கொள்வார். எல்லைக்கல்லின் தூரத்துக்கும் கறிவேப்பிலை வாங்கவா என்ற கேள்விக்கும் நடுவில் மூச்சு விடமாட்டார். மலர்விழி கடைசியாக வந்ததைப் போட்டுக் காட்டினாள். காற்று இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்:

"மலரு, இதை அழிச்சிடாத. பழைய கல்லு எங்கயும் போகல, இடத்துலதான் இருக்கு. புகைக்கூண்டுக்கும் தண்ணி டாங்கிக்கும் நேர்க்கோடு. கிணத்து ஆணியில இருந்து ஐம்பது. மண்ணைப் போட்டு மூடிட்டேன். இங்க நின்னு கிணத்தைப் பார்த்தா காலை வெயில் நேரா முகத்துல அடிக்குது, கண்ணே தெரியல, மண்டை வெடிக்குது. சாயங்காலம் தைலம் எடுத்து வை."

அளக்கிறவர் பெண்டாட்டி என்பதால் அவளே அர்த்தமும் சொன்னாள். புல்டோசர் வருகிற இடத்தில் கல்லை நம்ப முடியாது. அசையாத ஒன்றில் ஓர் ஆணி அடித்து, அதிலிருந்து தூரம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கல் மண்ணுக்குள் போனாலும் ஆணி காட்டிக்கொடுக்கும். போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது அவர் சொல்லியிருந்தார், அந்தத் தோட்டத்தில் எல்லைக்கல் நடந்து போயிருக்கிறது என்று. நடந்து, தோட்டத்து ஜனங்களின் இடுகாட்டையே தாண்டிப்போய் நின்றிருந்ததாம். கல்லுக்குக் கால் கிடையாது, யாருடைய கால் என்று பார்க்கிறேன் என்றாராம்.

திருச்செல்வம் டொரத்தியின் மைலோ டம்ளரிலிருந்து உறிஞ்சு குழலை உருவினார். அவள் தட்டில் இருந்த தோசைக்கு நட்டநடுவில் ஒரு சொட்டு சட்னி வைத்தார்.

"இது கிணறு. தோசை ஓரம் முழுக்க, கிணத்துல இருந்து ஐம்பது மீட்டர். ஒரு கயித்தை நடுவுல கட்டிச் சுத்தி வந்த மாதிரி."

குழலைத் தோசையின் குறுக்கே, சட்னிக்குச் சற்றுத் தள்ளிப் படுக்க வைத்தார். அது புகைக்கூண்டிலிருந்து டாங்கிக்குப் போகும் கோடு. கோடும் வட்டமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கல் இருக்கிறது. குழலின் ஒரு நுனி தோசையின் வலப்பக்க ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே விரலை வைத்தார். இடப்பக்கத்தில் ஓரமே இல்லை. அது டொரத்தி ஏற்கெனவே தின்றுவிட்ட பக்கம்.

கல்லையாவது விட்டு வை என்றார் அவர். சட்னி இல்லாத கல் எனக்கு இறங்காது என்றாள் அவள். மலர்விழிக்கு அந்த நேரத்திலும் உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது. அதற்காகத்தான் டொரத்தி பேசியதே.

இடத்தைக் காட்ட ஆள் இருக்கிறார் என்றாள் மலர்விழி. அவருடைய மேலாளர், பெயர் குகன். ரொம்ப நல்ல மாதிரி. தினமும் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்.

*

குகன் நாற்பது வயதுக்காரன். சலவை மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் சப்பாத்து. கிள்ளான் அலுவலக வாசலில் டொரத்தியின் பழைய மைவி காரைச் சுற்றிப் பார்த்தான். தோட்டத்து மண்பாதையை இது தாங்காது ஆன்டி, என் பிக்கப்பில் போகலாம் என்றான். திருச்செல்வம் அண்ணனை அங்கிள் என்றது போகட்டும், தன்னை ஆன்டி என்றதை டொரத்தி மனசுக்குள் ஓர் ஓரமாக எழுதி வைத்தாள். மைவியைப் பூட்டும்போது இன்னொன்றும் உறுத்தியது. திரும்பி வருவது இனி இந்த ஆளின் விருப்பம்.

வழி நெடுக அவன்தான் பேசினான். சிவநேசன் நல்ல வேலைக்காரன், ஆனால் வீட்டுக் கவலையோ என்னவோ, கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரி இருந்தான் என்றான். தொழிற்சாலைகள் பின்னுக்குப் போய், கொள்கலன் லோரிகள் குறைந்து, சாலை செம்மண்ணாக மாறியபோது, பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமலே கேட்டான்:

"வீட்டுக்காரிகிட்ட ஏதாவது சொல்லிட்டுப் போனானா அங்கிள்? எனக்கு ஒரு தகவலும் வரல."

தலைவலிக்குத் தைலம் எடுத்து வைக்கச் சொன்னாராம் என்றார் திருச்செல்வம். குகன் தலையாட்டினான்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இப்போது தோட்டம் இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, செம்பனையைச் சாய்த்து, தொழிற்பேட்டைக்கு மண் கொட்டியிருந்தார்கள். மேற்கே பழைய ரப்பர் ஆலையின் புகைக்கூண்டு ஒன்று பாதி இடிந்து நின்றது. கிழக்கே இரும்புக் கால்களில் தண்ணீர் டாங்கி. இரண்டுக்கும் நடுவே சற்று ஒதுங்கி ஒரு கிணறு. மற்றதெல்லாம் இடுப்பளவு லாலான் புல். மத்தியானம் தாண்டியிருந்தது. கடல் பக்கமிருந்து மேகம் கரிச்சட்டியின் அடியைப் போல ஏறிக்கொண்டிருந்தது. காற்று நின்றுபோய், புல் நுனிகூட அசையவில்லை. ஒரு குருவி இல்லை.

குகன் வண்டியைக் கிணற்றை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினான். இஞ்சினை அணைக்கவில்லை. டீசல் வண்டி திடுதிடுவென்று அந்த இடத்தையே ஆட்டிக்கொண்டு நின்றது. அணைக்கலாமே தம்பி என்று டொரத்தி கேட்டதற்கு, ஏர்கான் நின்றால் மறுபடி குளிர நேரமாகும் என்றான்.

"மூணு பேரும் வெளியில நிக்கிறோம். உள்ள யாருக்கு லா குளிரணும்?"

அவன் சிரித்தான். அணைக்கவில்லை.

மண்வெட்டி எடுக்க டொரத்தி வண்டியின் பின்பக்கம் போனாள். அங்கே வண்டி இழுக்கும் தடித்த பட்டை ஒன்று சுருட்டிக் கிடந்தது. அதன் கொக்கி முழுக்கப் பச்சைப் பாசி. வண்டிக்குள் மீன் வளர்க்கிறீர்களா என்றாள். ஒரு லோரி சாக்கடையில் இறங்கிவிட்டது, இழுத்தேன் என்றான் குகன். கேட்டதற்கு மேல் அவன் பதில் சொன்ன ஒரே இடம் அதுதான் என்று அவளுக்குப் பிற்பாடு தோன்றியது.

கிணற்றுச் சுவர் முழங்கால் உயரம். அதன் வாய்க்குமேல் ஒரு கான்கிரீட் பலகை கிடந்தது. சுவரில் சிவப்புச் சாயம் தொட்ட ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. திருச்செல்வம் அப்போதுதான் குகனிடம் விஷயத்தைச் சொன்னார். ஆணியிலிருந்து ஐம்பது, கோடு அது, கல் அங்கே. குகன் முதல்தடவை கேட்கிறவனைப் போல் புருவத்தைத் தூக்கினான். பிறகு டேப்பின் முனையைத் தானே வாங்கிக்கொண்டு, நீங்கள் போய்ப் பாருங்கள் அங்கிள், நான் இங்கே பிடித்துக்கொள்கிறேன் என்று கிணற்றுச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டான்.

திருச்செல்வம் டேப்பை விட்டுக்கொண்டே கிழக்கே நடந்தார். பின்னால் புகைக்கூண்டு, முன்னால் டாங்கி, நடுவில் மூக்கு என்று டொரத்தி வழி சொல்லிக்கொண்டே புல்லை மிதித்துப் பாதை போட்டாள். டேப் முழுதும் ஓடி விறைத்து நின்றது. காலடியில் புல் சட்டென்று முடிந்தது.

ஒரு குழி. ஆள் உட்காரும் ஆழம். ஓரத்தில் குவித்த மண் மேல்பக்கம் காய்ந்திருந்தது, வெட்டிப் போட்ட புல் பழுப்பாகிக் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"நமக்கு முன்னாலயே எடுத்துட்டாங்க அண்ணே," என்றாள் டொரத்தி.

திருச்செல்வம் குழிக்குள் இறங்கி அடிமண்ணைக் கையால் தடவினார். அடிவரை வேர் ஓடியிருந்த மண். கல் இருந்து பிடுங்கிய பள்ளமில்லை, வெறும் மண்ணை வெட்டிப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். எழுந்து சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய வரையில் வேறு எங்கும் ஒரு கொத்துகூட விழவில்லை.

"இவ்வளவு பெரிய காட்டுல ஒரே குழி. அதுவும் சரியா இங்க. வெட்டினவனுக்குச் செய்தி தெரியும்."

"நம்ம தோசையைப் பார்த்த ஆளு வேற யாரு?"

அவர் போனை எடுத்து மலர்விழியை அழைத்தார். அவள் சொன்னபடி போலீஸ் நிலையத்து பெஞ்சில்தான் இருந்தாள். அந்தக் குரல் செய்தியை வேறு யார் கேட்டார்கள் என்றார். போலீஸுக்குப் போட்டுக் காட்டினேன், மோட்டார் கிடைத்த பிறகு அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றாள். அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரியே பாஸ் குகன் எங்கள் வீட்டுக்கு வந்தார், ரெண்டு தடவை போட்டுக் கேட்டார், தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். ஏன் சார், அவர் சொல்லவில்லையா?

டொரத்தியும் போனில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியில் கேட்டது காதில் இருந்தது. எனக்கு ஒரு தகவலும் வரல.

"போனை வைக்காதீங்க மலர்விழி," என்றார் திருச்செல்வம். "அப்படியே சார்ஜன்ட் பக்கத்துல போய் நில்லுங்க. நாங்க பேசறதை அவரும் கேக்கட்டும்." போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டேப் ஒருமுறை அதிர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து குகன் இழுக்கிறான். என்ன ஆச்சு என்று கேட்கிற இழுப்பு. திருச்செல்வம் கையைத் தூக்கி, அளந்துகொண்டிருக்கிறோம் என்று ஜாடை காட்டினார். ஐம்பது மீட்டர் தள்ளி, மேகத்தின் கீழ், வெள்ளைச் சட்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது. கையில் டேப் இருக்கும்வரை அவன் அவர்கள் நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பது போலிருந்தது டொரத்திக்கு.

"அவன்தான் வெட்டியிருக்கான், கிடைக்கல," என்றார் அவர் உதடு அசையாமல். "ஆனா கணக்குத் தெரிஞ்ச ஆளாச்சே. எப்படித் தப்பினான்?"

டொரத்தி கிணற்றைப் பார்த்தாள். கிணறு மேற்கே இருந்தது. காலை வெயில் இங்கே நிற்கிறவனுக்கு முதுகில் அடிக்குமே தவிர முகத்தில் அடிக்காது. சிவநேசன் மண்டை வெடிக்குது என்று முனகினது தலைவலிப் பேச்சு என்றுதான் எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

"அண்ணே, இடப்பக்கத்துத் தோசையை நான்தானே தின்னேன்."

அவர் திரும்பினார்.

"குழல் ரெண்டு ஓரத்துலயும் வெளிய வந்திருக்கும். ஒரு ஓரத்தை நான் முழுங்கிட்டேன். நாமளும் ஒரு இடம்தான்னு நெனச்சிட்டு வந்துட்டோம்."

திருச்செல்வத்தின் முகம் மெல்ல இறுகியது. கோடு வட்டத்துக்குள் ஒரு பக்கம் நுழைந்தால் இன்னொரு பக்கம் வெளியேற வேண்டும். இரண்டு வெட்டு. அலுவலகத்து கம்ப்யூட்டர் இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். குளிர் அறையில் உட்கார்ந்து பழகினவன் முதலில் வந்ததைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான். களத்தில் நின்றவன் வெயிலைச் சொல்லி எது என்று காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான். கல் கிணற்றுக்கு மேற்கே, புகைக்கூண்டுப் பக்கம்.

"அப்ப கல்லு கிடைச்சிடும்," என்றாள் டொரத்தி. "சிவநேசன்?"

அவர் கையிலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். ஆணியில் மாட்டினால் தானாக நிற்கும். அதைப் பிடிக்க ஆள் வேண்டியதில்லை. குழி வெறுமை என்று தெரிந்தவன்கூட நடிப்புக்காவது கல் இருக்கும் நுனிக்கு ஓடிவந்திருப்பான், இவனோ ஒன்றுமில்லாத நுனியில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

"உன் தட்டுல கடைசியில என்ன மிஞ்சிச்சு?"

"சட்னி," என்றாள் டொரத்தி. சொன்ன வாயை மூடாமல் கிணற்றைப் பார்த்தாள். அணைக்காத இஞ்சின். யாருக்கும் குளிராத ஏர்கான். பாசி பிடித்த கொக்கி. திடுதிடுவென்ற அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறு எந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்று அவன் நினைத்தான்?

தூரத்தில் இடி உருண்டது. மழை இறங்கினால் கிணறு நிறையும்.

"அவனைக் கிணத்தை விட்டுக் கிளப்பணும். நான் மத்த இடத்தைச் சொல்லிக் கூட்டிட்டுப் போறேன்."

"மண்வெட்டி அவன் கையில இருக்கும் அண்ணே."

"கல்லைப் பார்க்கிற வரைக்கும் நான் அவனுக்கு வேணும். பார்த்த பிறகு வேணாம். அதுக்குள்ள நீ முடிச்சிடு."

டொரத்திக்கு ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

*

இங்கே இல்லை என்று திருச்செல்வம் உரக்கச் சொல்லிக்கொண்டே டேப்பைச் சுருட்டி வந்தார். பக்கத்தில் வந்ததும், கோட்டுக்கு மறுபுறமும் ஒரு வெட்டு இருக்கிறதே தம்பி என்றார். குகனின் கண் ஒரு கணம் உள்ளே போய்வந்தது. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது என்று டொரத்தி பார்த்தாள். தன் முட்டாள்தனத்தைத் தானே அடித்துக்கொள்ள முடியாத கோபம் அந்த முகத்தில் ஓடி மறைந்தது.

நீங்கள் போய்த் தோண்டுங்கள், நான் இங்கே பிடிக்கிறேன் என்றான் மறுபடியும்.

"எனக்குக் கல்லைப் பார்த்தா எது எல்லைக்கல்லு, எது வெறுங்கல்லுன்னு தெரியாது தம்பி. படிச்ச ஆளு நீங்க வாங்க. டேப்பை டொரத்தி பிடிப்பா."

குகன் எழுந்திருக்கவில்லை. கிணற்றுப் பலகையைப் பார்த்தான். மேற்கே பார்த்தான். அந்தக் கல் மண்ணுக்குள் இருக்கும்வரை அவன் தூங்க முடியாது. இந்தக் கிணற்றை விட்டுப் போனாலும் முடியாது. நெற்றியில் வேர்வை துளிர்த்து மூக்கோரம் இறங்கியது. கேட்காமலே அவன் சொன்ன வாக்குமூலம் அது.

கடைசியில் எழுந்து, மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். "இஞ்சினை மட்டும் தொடாதீங்க ஆன்டி."

தொடுவேனா தம்பி, எனக்கு உன் வண்டியைப் பார்த்தாலே பயம் என்றாள் டொரத்தி.

இருவரும் புல்லுக்குள் இறங்கினார்கள். முன்னே திருச்செல்வம், பின்னே மண்வெட்டி. டேப் அவள் விரலுக்குள் வழுக்கி ஓடியது, பிறகு நின்றது. தூரத்தில் வெள்ளைச் சட்டை குனிந்தது. முதல் கொத்து விழுந்தது.

அவள் வளையத்தை ஆணியில் மாட்டினாள். டேப் தானாக நின்றது. பலகையை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். கிணற்றின் மூடி இல்லை அது. பழைய சாக்கடைப் பலகை. கொஞ்சம் தள்ளிப் புல்லில் அது வெகுகாலம் படுத்திருந்த இடம் வெளுத்துக் கிடந்தது, அங்கிருந்து கிணறுவரை மண்ணை உழுதுகொண்டு வந்த தடம். பலகையின் இரும்பு வளையத்தில் பாசி நசுங்கியிருந்தது. சுவர் ஓரத்தில் துருப்பிடித்த தகரத்துண்டு ஒன்று, உள்பக்கமாக மடிந்து.

வண்டிக் கதவைத் திறந்தாள். சாவியைத் திருப்பி உருவினாள்.

இஞ்சின் செத்தது.

அமைதி காதில் அறைந்தாற்போல் விழுந்தது. முதலில் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. பிறகு எங்கோ ஒரு தவளை. அவள் பலகையின் மேல் காதை வைத்து, சாவியால் மூன்று தட்டு தட்டினாள்.

ஒன்றுமில்லை.

மறுபடி தட்டினாள். அடியில், வெகு அடியில், கல்லைக் கல்லால் தொடுகிற சத்தம். டொக். கொஞ்சம் பொறுத்து, பலம் சேர்த்துக்கொண்டு வந்ததுபோல் இன்னொன்று. டொக்.

அதே நேரம் மேற்கே இரும்பு கல்லில் மோதி ணங்கென்று ஒலித்தது.

டொரத்தி நிமிர்ந்தாள். குகனும் நிமிர்ந்திருந்தான். அவன் பார்த்தது காலடியில் கிடைத்த கல்லை அல்ல, சத்தம் நின்றுபோன வண்டியை. மண்வெட்டியைக் கையில் தாழப் பிடித்தபடி புல்லைப் பிளந்துகொண்டு வரத் தொடங்கினான். ஓடவில்லை. நடந்தான். ஓடியிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவள் பட்டையின் கொக்கியைப் பலகை வளையத்தில் மாட்ட முயன்றாள். பாசியில் கொக்கி வழுக்கியது.

அவன் பின்னால் திருச்செல்வம் போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒலியைக் கூட்டியிருந்தார். காற்றில்லாத அந்த வெளியில் மலர்விழியின் குரல் பக்கத்தில் நிற்பவள்போல் கேட்டது.

"பாஸ். அவரு எங்க பாஸ்?"

குகன் நின்றான்.

"நேத்துகூட எங்க வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போனீங்களே."

இடி உருண்டு ஓய்ந்தது. அதன் பின் போனில் ஓர் ஆண் குரல் மலாய் மொழியில் வந்தது. சார்ஜன்ட். வண்டி புறப்பட்டுவிட்டது, யாரும் எதையும் தொடக்கூடாது என்றது.

குகன் மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான், இரவல் வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவன்போல. "நான் தள்ளல அங்கிள்," என்றான். "வேற கல்லு நட்டு எல்லையை நகர்த்தினது உண்மை. கேக்க வந்தான், வாக்குவாதம் ஆச்சு. கிணத்து மேல கிடந்த தகரம் உடைஞ்சு அவனா விழுந்தான்."

"பலகையும் தானா நடந்து வந்துச்சா? மோட்டாரும் தானா படகுத்துறைக்கு ஓடிச்சா?" என்றார் திருச்செல்வம்.

தன் கையாலேயே தோண்டி வெளிக்கொண்டு வந்த கல் பின்னால் தெரிய, குகன் புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

யாரும் எதையும் தொடக்கூடாது என்ற உத்தரவை டொரத்தி கேட்டாள். கேட்டுவிட்டு, தொட்டாள். கொக்கி மாட்டியது. வேன் ஓட்டின கை பிக்கப்பை அங்குலம் அங்குலமாக நகர்த்தியது. பலகை முனகி, சுவரை உரசி, ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது.

அவள் ஓடிவந்து குனிந்தாள். கிணறு பாதிக்குமேல் தூர்ந்துபோனது. அடியில் முழங்கால் அளவு கறுத்த தண்ணீர். அதில் சுவரோடு சாய்ந்து, ஒரு கால் மடங்கி, மண்ணோடு மண்ணாக ஓர் ஆள். கண்ணை முழங்கையால் மறைத்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. குரல் உமி உதிர்வதுபோல் வந்தது.

"கொஞ்சம் மறைச்சு நில்லுங்க. வெளிச்சம் முகத்துல அடிக்குது."

டொரத்தி மறைத்து நின்றாள். திருச்செல்வம் போனைக் கிணற்றுச் சுவரின்மேல், சிவப்பு ஆணிக்குப் பக்கத்தில் வைத்தார். மழையின் முதல் துளி பெரிதாக, சூடாக, சிமெண்டில் விழுந்து தெறித்தது.

போனுக்குள் ஒரு மூச்சு உடைந்தது. பிறகு மலர்விழி, தினமும் சாயங்காலம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஏங்க. தைலம் எடுத்து வச்சிருக்கேன்."